டீச்சரிடம் கேளுங்கள்: கைடு வாங்கும் முன் டி.சி.யை எடுங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நுழைவுத் தேர்வு பற்றித்தான். ராணுவத்துக்குத் தயார்செய்யும் சைனிக் பள்ளி, மத்திய அரசின் நவோதயா உறைவிடப் பள்ளி, உதவித்தொகைத் தேர்வு என்று ஆளுக்கொன்று கேட்டிருக்கிறீர்கள். எந்த கைடு வாங்கலாம் என்று கேட்டவர்களுக்கு இந்த முறை பதில் கிடையாது. அந்தத் தேர்வை எழுதப் பிள்ளைக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியாமலே கைடு வாங்கி என்ன செய்வது? இனி எழுதுகிறவர்கள் பிள்ளையின் பிறந்த தேதி, படிக்கும் வகுப்பு, பள்ளி அரசா, உதவி பெறுவதா, தனியாரா, அது இருக்கும் இடம் ஊராட்சியா, பேரூராட்சியா, மாநகராட்சியா என்று எல்லாவற்றையும் சேர்த்து எழுதிவிடுங்கள். "என் பையன் நல்லாப் படிப்பான் டீச்சர்" என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் ஒன்றும் சொல்ல முடியாது. நல்லாப் படிக்காத பையனைப் பற்றி இதுவரை யாரும் எனக்குக் கடிதம் போட்டதே இல்லை.

டீச்சர், நான் டூ வீலர் மெக்கானிக். மகன் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் எட்டாம் வகுப்பு போகிறான். ஏழாம் வகுப்பில் 48 சதவீதம். அமராவதிநகர் சைனிக் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு எழுத வைக்க ஆசை. மார்க் குறைச்சல், விண்ணப்பத்தையே தள்ளிவிடுவார்கள் என்கிறார் என் மச்சான். பையன் பிறந்தது 9.5.2013. 2027ல் சேர்க்க வேண்டும்.
— ஒரு வாசகர், தேவகோட்டை

உங்கள் மச்சான் வேறு தேர்வை நினைத்துச் சொல்லியிருக்கிறார். என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வுக்குத்தான் ஏழாம் வகுப்பு மார்க்கைப் பார்ப்பார்கள். அதை அடுத்த கடிதத்தில் சொல்கிறேன். சைனிக் பள்ளிக்குப் போன வருஷ மார்க் எதுவும் தேவையில்லை. சேரும்போது அங்கீகாரம் பெற்ற பள்ளியில் எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். படிப்புத் தகுதி அவ்வளவுதான். தேர்வு எழுதும்போது எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தால் போதும். நம் மாநிலத்தில் எட்டு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை என்பதால் அந்தக் கவலையும் உங்களுக்கு இல்லை.

வயது? சேரும் வருஷம் மார்ச் 31 அன்று 13க்கும் 15க்கும் நடுவில் இருக்க வேண்டும். 2027 சேர்க்கைக்கு 1.4.2012 முதல் 31.3.2014 வரை பிறந்தவர்கள் எழுதலாம். உங்கள் பையன் தாராளமாக உள்ளே வருகிறான்.

இனிமேல்தான் கஷ்டமான பேச்சு. ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்கான தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலத்தில் மட்டும்தான் கேள்வித்தாள். கணக்கில் 50 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 4 மார்க், ஆக 200. அறிவுத்திறன், ஆங்கிலம், அறிவியல், சமூக அறிவியல் நான்குக்கும் தலா 25 கேள்வி, தலா 50 மார்க். மொத்தம் 400 மார்க்குக்கு மூன்று மணி நேரம். ஒவ்வொரு பகுதியிலும் 25 சதவீதமும் கூட்டுத்தொகையில் 40 சதவீதமும் எடுத்தால்தான் தகுதிப் பட்டியலைப் பற்றியே பேசலாம். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு இந்தக் குறைந்தபட்ச மார்க் கிடையாது, அவர்கள் பிரிவுக்குள் வரிசைப்படி எடுப்பார்கள். தப்பான விடைக்கு மார்க் கழிப்பதில்லை. அதனால் எந்தக் கேள்வியையும் வெறுமனே விட வேண்டாம் என்று பையனிடம் சொல்லி வையுங்கள்.

பாதி மார்க் கணக்கில் இருக்கிறது, பாருங்கள். அரசு எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் சும்மாவே கிடைக்கிறது. இரண்டையும் அருகருகே விரித்து வைத்துக்கொண்டு, தமிழில் போட்ட கணக்கையே ஆங்கிலப் பக்கத்தில் படித்துப் போடச் சொல்லுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு கணக்கு வீதம் போனால்கூட அரையாண்டுத் தேர்வுக்குள் கேள்வி என்ன கேட்கிறது என்று தடுமாறாமல் படிக்க வந்துவிடும். 48 சதவீதம் எடுத்தவன் எந்தப் பாடத்தில் இழந்தான் என்று நீங்கள் எழுதவில்லை. கணக்கில் 80 எடுத்து மொழிப்பாடத்தில் சறுக்கியவன் என்றால் எனக்கு நம்பிக்கை உண்டு. கணக்கில்தான் சறுக்கினான் என்றால் இந்தப் பணத்தையும் அலைச்சலையும் மிச்சம் பிடித்து, ஊரிலேயே ஒழுங்காக எட்டாம் வகுப்பைப் படிக்க வைக்கலாம். அதில் ஒரு குறையும் இல்லை.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். "பையனை ஒரு வருஷம் எங்கள் விடுதியில் விடுங்கள், பெயர் ஏதாவது ஒரு பள்ளியில் இருந்துவிட்டுப் போகட்டும்" என்று யாராவது ஆசை காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். தேறினால் கையில் டி.சி.யும் எட்டாம் வகுப்புச் சான்றும் கேட்பார்கள். பையன் கண்ணால் பார்க்காத பள்ளியின் டி.சி.க்கு அங்கீகாரம் இருக்கிறதா இல்லையா என்று நீங்கள் அப்போது போய் விசாரிக்க முடியாது. தேறாவிட்டால் பையனுக்கு எட்டாம் வகுப்பும் போச்சு.

மகள் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு. ஏழாம் வகுப்பில் டைபாய்டு வந்து 53 சதவீதம்தான் எடுத்தாள். நாங்கள் பி.சி. பிரிவு. என்.எம்.எம்.எஸ். எழுத 55 வேண்டும் என்று சொல்கிறார்கள். ஹெச்.எம். சாரைப் பார்த்து இரண்டு மார்க் கூட்டிப் போடச் சொல்லலாமா? அவர் நல்ல மனுஷர்.
— ஒரு தாய், குன்றக்குடி

நல்ல மனுஷரைச் சங்கடப்படுத்தாதீர்கள் அம்மா. நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள். மார்ச் மாதம் வரை ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். விண்ணப்பத் தேதி வந்ததும் பழத்தட்டோடு வந்து நிற்பார்கள். போன வருஷ மார்க் பள்ளிப் பதிவேட்டிலும் எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்திலும் ஏற்கெனவே ஏறிவிட்டது. அதைத் திருத்துவது இரண்டு மார்க் விஷயம் இல்லை, ஒருவருடைய வேலை விஷயம்.

விதி இதுதான்: அரசு, உள்ளாட்சி, உதவி பெறும் பள்ளியில் முறையாக எட்டாம் வகுப்பு படிக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் 55 சதவீதம் அல்லது அதற்கு இணையான தரம் வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. என்றால் 50. பெற்றோர் ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. நீங்கள் பி.சி. என்று எழுதியிருப்பதால் 53க்கு வழியில்லை. உடம்பு சரியில்லாததற்குச் சலுகை எதுவும் விதியில் இல்லை. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் மகளிடம் இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. தேர்வுக்குப் படித்து, ஹால் டிக்கெட் வரும் என்று காத்திருந்துவிட்டுத் தெரிந்துகொள்வதைவிட இது எவ்வளவோ தேவலை.

ஒன்று செய்யுங்கள். 53 என்பது எந்தக் கூட்டல் என்று வகுப்பாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். அது ஒரே ஒரு பருவத்து மார்க்காக இருக்கலாம். காய்ச்சல் வந்த பருவத்தின் தேர்ச்சி அட்டையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எழுதுகிறவர்கள் உண்டு. வருஷம் முழுவதற்குமான சராசரி 55ஐத் தொட்டால் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. தொடவில்லையென்றால், அடுத்த வருஷம் ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு, அதாவது ட்ரஸ்ட் தேர்வு இருக்கிறது. அதற்கு எட்டாம் வகுப்பில் 50 சதவீதம் போதும். வருமான வரம்பு மட்டும் 1,00,000 ரூபாய்தான், வருவாய்த் துறைச் சான்று வேண்டும். தொகையும் குறைவு, வருஷத்துக்கு 1,000 ரூபாய். என்.எம்.எம்.எஸ்ஸில் அதே ஆயிரம் மாதா மாதம்.

என்.எம்.எம்.எஸ். தேறிய வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. தேறியதோடு கதை முடிவதில்லை. எட்டாம் வகுப்பில் 55 சதவீதம் எடுக்க வேண்டும். ஒன்பதிலிருந்து பத்துக்கு முதல் முயற்சியிலேயே தேறிப் போக வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் வேண்டும். எஸ்.சி., எஸ்.டி.க்கு இவற்றில் 5 சதவீதம் தளர்வு உண்டு. நடுவில் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்றினால் தொகை நின்றுவிடும். "உதவித்தொகை வருதே, அந்தக் காசில் இங்கிலீஷ் மீடியத்தில் போடலாம்" என்று திட்டம் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். போட்ட மாதமே காசு நின்றுபோகும்.

என் பேரன் நாலாம் வகுப்பு வரை காரைக்குடியில் என்னோடு இருந்து படித்தான். மகனுக்குக் காரைக்காலில் வேலை. ஐந்தாம் வகுப்பு தொடங்கும்போதே பேரனை அங்கே கூட்டிப் போய்ப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். அங்கே நவோதயா பள்ளி இருக்கிறதாமே, அதற்கு எழுதலாமா? பட்டிக்காட்டுப் பிள்ளைகளுக்கு முக்கால்வாசி இடம் என்றார்கள். இந்த வருஷம் கிடைக்காவிட்டால் மறுபடி ஐந்தாம் வகுப்பே படிக்க வைத்து அடுத்த வருஷம் எழுத வைக்கலாம் என்று சம்பந்தி வீட்டில் சொல்கிறார்கள். நியாயமா?
— ஓர் ஆச்சி, காரைக்குடி

ஆச்சி, கடிதத்தை உங்கள் கையாலேயே எழுதியிருக்கிறீர்கள், எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. கேள்வியும் அப்படியே. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் நவோதயா பள்ளி கிடையாது. காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது, அங்கே உண்டு. அந்தப் பள்ளியின் முதல் விதி, பிள்ளை அந்த மாவட்டத்திலேயே குடியிருந்து, ஐந்தாம் வகுப்பை வருஷம் முழுக்க அந்த மாவட்டத்திலேயே படிக்க வேண்டும் என்பது. பேரன் வகுப்பு தொடங்கும்போதே போய்விட்டதால் பிழைத்தீர்கள். தீபாவளி வரை ஆச்சியோடு இருக்கட்டும் என்று ஆசைப்பட்டு நிறுத்தி வைத்திருந்தால் தகுதி போயிருக்கும். மூன்று, நான்கு, ஐந்து மூன்று வகுப்பும் அரசு அல்லது அங்கீகாரம் பெற்ற பள்ளியில் முழுசாகப் படித்திருக்க வேண்டும் என்பது இரண்டாவது விதி. மூன்றும் நாலும் காரைக்குடியில் எந்தப் பள்ளி என்று நீங்கள் எழுதவில்லை. அங்கீகாரம் பெற்றதுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆதார் அட்டையில் இன்னும் உங்கள் வீட்டு விலாசம் இருந்தால் மகனிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள். பிறந்த தேதிக்கும் ஒரு வரம்பு உண்டு, அதை அந்தந்த வருஷ அறிவிக்கையில் அச்சிட்டிருப்பார்கள்.

முக்கால்வாசி இடம் கிராமத்துப் பிள்ளைகளுக்கு என்பது உண்மைதான், 75 சதவீதம். ஆனால் அதைக் கேட்க மூன்று வகுப்புகளையும் கிராமத்துப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். இந்த மூன்று வருஷத்தில் ஒரே ஒரு நாள் நகரத்துப் பள்ளியில் படித்திருந்தாலும் நகரத்துப் பிள்ளை என்றே கணக்கு. நம் காரைக்குடி அப்போது நகராட்சியோ மாநகராட்சியோ, எப்படிப் பார்த்தாலும் நகரம்தான். வெயிலில் மாடு மேய்ந்துகொண்டு போகிற தெருவில் வீடு இருந்தாலும் சரி. ஆகையால் பேரன் பொது இடத்துக்குத்தான் போட்டி போடுகிறான். இடம் குறைவு, நெருக்கடி அதிகம் என்பதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். 80 கேள்வி, 100 மார்க், இரண்டு மணி நேரம். அதில் பாதி, 40 கேள்வி, படம் பார்த்து விடை சொல்லும் மனத்திறன். நாலாவது படத்தில் எது வரும், எது பொருந்தாது என்கிற மாதிரி. அதற்கு மூளையைவிடப் பழக்கம்தான் வேண்டும். மீதியில் கணக்கு 20, மொழி 20.

சம்பந்தி வீட்டு யோசனைக்கு வருகிறேன். ஐந்தாம் வகுப்பை ஏற்கெனவே முடித்தவன் மறுபடி எழுத விதி இடம் கொடுக்காது. இந்தத் தேர்வுக்கு இரண்டாம் தடவை கிடையாது. விதி இருக்கட்டும் ஆச்சி. ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டிய பிள்ளையைப் பழைய பெஞ்சிலேயே உட்கார வைத்தால், தன்னோடு படித்தவர்கள் அடுத்த அறையில் இருப்பதை அவன் தினமும் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு வருஷம் ஒன்றுமில்லை. பத்து வயசுக்கு அது பெரிய தூரம். அப்படி வந்த பிள்ளைகளை என் பள்ளியில் சேர்த்திருக்கிறேன். முதல் மாதம் அவர்கள் யாரோடும் சேர மாட்டார்கள். சம்பந்தி வீட்டில் நான் சொன்னதாகவே சொல்லுங்கள், வருத்தம் வந்தால் என்மேல் வரட்டும்.

கோட்டையூரில் குடியிருக்கிறோம். மகள் இந்த ஊர்ப் பள்ளியிலேயே ஒன்பதாம் வகுப்பு. மூத்தவள் இதே பள்ளியிலிருந்து ட்ரஸ்ட் தேர்வு எழுதினாள். இவளுக்கு முடியாது என்கிறார்களே, ஏன்?
— ஒரு வாசகி, கோட்டையூர்

பள்ளி நகரவில்லை, எல்லைதான் நகர்ந்துவிட்டது. அந்தத் தேர்வை ஊராட்சி, பேரூராட்சி, டவுன்ஷிப் பகுதிகளில் உள்ள பள்ளியில் படிக்கிறவர்கள்தான் எழுதலாம். நகராட்சி, மாநகராட்சிப் பள்ளிகளுக்கு இடமில்லை. மூத்தவள் எழுதியபோது கோட்டையூர் பேரூராட்சி. 2024ல் காரைக்குடி மாநகராட்சியானபோது கோட்டையூரையும் கண்டனூரையும் சங்கராபுரம் போன்ற ஊராட்சிகளையும் அதில் சேர்த்தார்கள். தண்ணீர் வரியும் சொத்து வரியும் ஏறுமே என்று எல்லோரும் அப்போது பேசிக்கொண்டோம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் உதவித்தொகையும் அதோடு போகும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தெருவில் ஒரு விளக்குக்கூடக் கூடுதலாக வராத இடத்தில் பிள்ளைகள் மட்டும் ஒரே நாளில் நகரத்துப் பிள்ளைகளாகிவிட்டார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு முதன்மைக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். பலன் உடனே வராவிட்டாலும் கோரிக்கை பதிவாகட்டும்.

இதில் பார்ப்பது பள்ளி இருக்கும் இடத்தை. வீடு கோட்டையூரில் இருந்து, பிள்ளை பள்ளத்தூரிலோ புதுவயலிலோ படித்தால் எழுதலாம். அவை பேரூராட்சிகள். இதற்காகவே பள்ளியை மாற்றிவிடாதீர்கள். வருஷம் 1,000 ரூபாய்க்காக மகள் தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போக வேண்டாம். மாவட்டத்துக்கு 50 ஆண், 50 பெண் என்று 100 பேரைத்தான் எடுக்கிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மகள் அரசுப் பள்ளியில் மேல் வகுப்புக்கு வரும்போது முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது. அதற்கு ஊர், நகரம் என்ற பேதம் கிடையாது. 1,000 பேருக்கு வருஷம் 10,000 ரூபாய். அதற்கு இப்போதே ஒன்பதாம் வகுப்புக் கணக்கையும் அறிவியலையும் ஆழமாகப் படிக்கலாம், ஏனென்றால் ஒன்பது, பத்து வகுப்புப் பாடங்களிலிருந்துதான் கேட்கிறார்கள்.

மகன் படிக்கும் நர்சரி பள்ளிக்கு அங்கீகாரம் முடிந்துபோய்விட்டது, இன்னும் புதுப்பிக்கவில்லை என்று காதில் விழுந்தது. ஐந்தாம் வகுப்பு. சைனிக் ஆறாம் வகுப்புக்கு எழுத வைத்திருக்கிறேன். பயமாக இருக்கிறது.
— ஒரு வாசகர், திருப்பத்தூர்

காதில் விழுந்ததை வைத்துப் பயப்படாதீர்கள், போய்ப் பாருங்கள். தனியார் பள்ளி அங்கீகாரம் குறிப்பிட்ட வருஷங்களுக்குத்தான் கொடுப்பார்கள், அப்புறம் புதுப்பிக்க வேண்டும். அந்த ஆணையின் நகலைப் பெற்றோர் கேட்கலாம். ஆபீஸ் அறையிலேயே சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். பூ மாலைக்குப் பின்னால் பழைய தாளாளரின் படத்துக்குப் பக்கத்தில் தொங்கும் அந்தக் காகிதத்தில் எந்தத் தேதி வரை என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைப் படியுங்கள். தேதி கடந்திருந்தால், புதுப்பிக்க விண்ணப்பித்த ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டும் இல்லையென்றால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். பல பள்ளிகளில் தீயணைப்புச் சான்றோ கட்டடச் சான்றோ தாமதமாகி இப்படித்தான் கிடக்கிறது, பெரும்பாலும் சரியாகிவிடும். சரியாகாது என்று தெரிந்தால், டி.சி. வாங்குகிற மே மாதம் வரை காத்திருக்காமல் இப்போதே பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். அவர்கள் பிறப்புச் சான்றை வைத்தே சேர்த்துக்கொள்வார்கள்.

டீச்சர், நான் ஏழாம் வகுப்பு படிக்கிறேன். பிறந்தது 20.8.2014. டேராடூன் ராணுவக் கல்லூரியில் இப்போது பெண்களையும் சேர்க்கிறார்கள் என்று பேப்பரில் படித்தேன். அப்பா சிரிக்கிறார். எனக்குத் தகுதி இருக்கா?
— ஒரு மாணவி, பள்ளத்தூர்

இருக்கிறது கண்ணு. நீயே கடிதம் எழுதி, பிறந்த தேதியும் வகுப்பும் மறக்காமல் போட்டிருக்கிறாய். இந்தப் பக்கத்துக்கு எழுதும் பெரியவர்கள் உன்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்.

அந்தக் கல்லூரியில் எட்டாம் வகுப்பில் சேர்ப்பார்கள். வருஷத்தில் இரண்டு தடவை, ஜனவரியிலும் ஜூலையிலும். அதற்கான தேர்வுகள் அதற்கு முந்தைய ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கும். சேரும் மாதத்தின் முதல் தேதியில் பதினொன்றரை வயது ஆகியிருக்க வேண்டும், 13 ஆகியிருக்கக் கூடாது. ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருக்க வேண்டும், அல்லது முடித்திருக்க வேண்டும். உன் தேதிக்கு 2027 ஜனவரியும் சரி, ஜூலையும் சரி. ஜூலைக்கு 2.7.2014 முதல் 1.1.2016 வரை பிறந்தவர்கள் எழுதலாம், அதில் நீ இருக்கிறாய். அதற்கு அடுத்த ஜனவரிக்கு வயது தாண்டிவிடும். அதனால் தள்ளிப் போட நேரமில்லை. நம் மாநிலத்துக்கு இந்தத் தேர்வை டி.என்.பி.எஸ்.சி.தான் நடத்துகிறது, சென்னைக்குப் போய் எழுத வேண்டும்.

ஆங்கிலம் 125 மார்க், கணக்கு 200, பொது அறிவு 75. கணக்கும் பொது அறிவும் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான். ஒவ்வொன்றிலும் பாதி மார்க்காவது எடுக்க வேண்டும். தேறினால் 50 மார்க்குக்கு நேர்முகம். பெண்களுக்கான இடங்கள் மிகக் கொஞ்சம், நாடு முழுவதிலிருந்தும் போட்டி. அதையும் தெரிந்துகொண்டு எழுது. அப்பாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டு. சிரித்துவிட்டுப் போகட்டும், ஆனால் விண்ணப்பத்தோடு வைக்க இருப்பிடச் சான்றுக்கு இ-சேவை மையத்துக்கு அவர்தான் போக வேண்டும். உன் ஹெச்.எம். கையெழுத்திட்ட சான்றும் வேண்டும். அதில் உன் பிறந்த தேதியும் வகுப்பும் படமும் இருக்கும், அதை நீயே போய்க் கேட்டு வாங்கு.

பிறப்புச் சான்றில் 12.6.2015. பள்ளியில் 12.5.2015. ஐந்து வயது ஆகவில்லை என்று சேர்க்கும்போது ஒரு மாதம் முன்னால் போட்டுவிட்டோம். டி.சி.யில் நாங்களே வெள்ளை மை தடவித் திருத்திக்கொள்ளலாமா?
— பெயர் வேண்டாம் என்கிறார், கானாடுகாத்தான்

ஐயையோ, தொடாதீர்கள். டி.சி.யில் தேதி எண்ணிலும் எழுத்திலும் இருக்கும். நீங்கள் 5ஐ 6 ஆக்குவீர்கள், பக்கத்தில் "மே" என்று எழுதியிருப்பது அப்படியே நிற்கும். வெளிச்சத்தில் பிடித்தால் வெள்ளை மைக்குக் கீழே பழைய எண் தெரியும். சரிபார்க்கிறவர்கள் முதலில் செய்வது அதைத்தான். தேதி தப்பாக இருந்த காகிதத்தைத் திருத்தித் தருவார்கள், திருத்திய காகிதத்தைக் கையிலேயே தொட மாட்டார்கள்.

சரியான வழி சுலபமானதுதான். பிறப்புச் சான்றின் மூலத்தையும் நகலையும் ஆதாரையும் வைத்து ஹெச்.எம்.மிடம் எழுதிக் கொடுங்கள். அவர் மேலதிகாரி அனுமதியோடு சேர்க்கைப் பதிவேட்டிலும் எமிஸிலும் மாற்றுவார். பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் போவதற்குள் செய்துவிட்டால் அப்புறம் ஆயுசுக்கும் தொல்லை இல்லை. பிறப்பையே பதியாமல் விட்டவர்கள் சிலரும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு வருஷம் தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும். நம் பக்கத்துக்குத் தேவகோட்டை கோட்டாட்சியர் அலுவலகம். அதற்கு நாள் பிடிக்கும், விண்ணப்பத்தின் கடைசி வாரத்தில் போய் நிற்காதீர்கள்.

காகிதங்கள் பெரிய வீட்டுப் பெட்டியறையில் இருக்கின்றன, சாவி சென்னையில் இருக்கும் அண்ணனிடம் இருக்கிறது என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருக்கு ஒரே பதில்தான்: இன்றைக்கே அண்ணனுக்கு போன் போடுங்கள்.